கிருமி போனது, மூச்சு வரவில்லை

(காசநோய் நாளையொட்டி கிருஷ்ணன்கோவிலில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேசக் கூப்பிட்ட தோழர், "பழைய வலி மாத்திரையிலேயே டி.பி.யைக் குணப்படுத்தலாமாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வலி மாத்திரையால் காசநோய் குணமாகாது. ஆறு மாதக் கூட்டு மருந்துதான் குணப்படுத்தும். ஆனால் "குணம்" என்று எதைச் சொல்கிறோம், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால், இந்தப் பழைய மாத்திரைகளைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் புளோ ரூமில் வேலை பார்த்தார். பஞ்சுப் பொதியை உடைத்துப் போடுகிற இடம். ஆலைக்குள் போனவர்களுக்குத் தெரியும், தூசி அதிகம் பறக்கிற இடங்கள் எவை, அங்கே எந்தத் தெரு ஆட்கள் நிற்பார்கள் என்று. எங்கள் தெருவில் இருந்து போன எல்லோரும் புளோ ரூம், கார்டிங், கழிவுப் பஞ்சு கட்டுகிற இடம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருந்தார்கள். அம்மா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வெட்டிச் சுருட்டும் வேலைக்குப் போனார். நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குக் கட்டுகிற துணி இந்தப் பகுதித் தறிகளில் இருந்து போகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்பாவுக்கு இருமல் வந்தபோது மூன்று நான்கு மாதம் அது பஞ்சு இருமல் என்றே நினைத்தோம். 2009இல் சளி எடுத்துப் பார்த்ததில் டி.பி. அப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று முறை மாத்திரை கொடுக்கும் முறை. (2017இல்தான் தினசரி மாத்திரைக்கு மாறினார்கள்.) ஒரு வேளை கூடத் தவறவில்லை. வீட்டில் அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர். டீக்கடையில் தனி டம்ளர் எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டுக்குள்ளேயே தனி டம்ளர் வந்தது அப்போதுதான். அதைக் கழுவி வைக்கும்போது அம்மா எங்களைப் பார்க்க மாட்டார்.

ஆறு மாதம் முடிந்ததும் சளியில் கிருமி இல்லை. அட்டையில் "குணமடைந்தார்" என்று எழுதிக் கொடுத்தார்கள். "கிருமி போயிருச்சு, இனி ஒண்ணுமில்ல, வேலைக்குப் போகலாம்" என்றார் மருத்துவர். அப்பா அங்கே ஒன்றும் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வருகிற வழியில் மூன்று இடத்தில் நின்றார். "கிருமிதான் போச்சு, மூச்சு வரலையே" என்று என்னிடம் சொன்னார்.

ஆலையில் திரும்ப எடுக்கவில்லை. ஒரு குடோனில் இரவுக் காவலுக்குப் போனார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் நெஞ்சுச் சளி, மூச்சுத் திணறல். 2016இல் இறந்தார். அரசுக் கணக்கில் அவர் காசநோயால் இறந்தவர் அல்ல. காசநோயை வென்றவர்களின் பட்டியலில்தான் இன்றும் இருப்பார்.

அந்தக் கேள்விதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது என்று சொன்னால் சினிமா போல இருக்கும். உண்மை அப்படியில்லை. உதவித்தொகை கிடைத்த இடத்தில் சேர்ந்தேன், கிடைத்த தலைப்பு அழற்சி. காசநோய்க் கிருமியை வைத்து வேலை செய்யத் தனிப் பாதுகாப்புள்ள ஆய்வகம் வேண்டும், எங்களிடம் அது இல்லை. ஆனால் அழற்சியைப் பற்றிப் படிக்கப் படிக்க, அப்பாவின் மூச்சு எங்கே போனது என்று புரிந்தது.

அழற்சி என்பது பெரிய சொல் அல்ல. முள் குத்திய இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறதே, அதுதான். உடல் தன் காவலர்களை அந்த இடத்துக்கு அனுப்புகிறது. காசநோய்க் கிருமி நுரையீரலில் இறங்கினாலும் இதே கதை. வெள்ளணுக்கள் வந்து கிருமியைச் சுற்றி முடிச்சு போலக் கட்டிவிடுகின்றன. பலருக்குக் கிருமி அதற்குள்ளேயே ஆயுள் முழுக்க அடங்கிக் கிடக்கும். சிலருக்கு அந்தக் கட்டு உடைகிறது. அங்கே குவிந்த அணுக்கள் விடுகிற நொதிகள் நுரையீரலின் சொந்தச் சதையையே கரைக்கின்றன. எக்ஸ்ரேயில் குழி என்று காட்டுவார்களே, அதைத் தோண்டியதில் பெரும்பங்கு கிருமியினுடையது அல்ல, நம் உடலினுடையது. திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டை இடித்துவிட்டுப் போன மாதிரி.

ஆறு மாத மாத்திரை திருடனைக் கொல்கிறது. இடிந்த சுவரை அது கட்டாது. இடிக்கிறவர்களின் கையைப் பிடித்து நிறுத்தவும் செய்யாது. ஆகவே, கிருமியைக் கொல்லும் மருந்தோடு, அழற்சியை அடக்குகிற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற கேள்வி வருகிறது. ஏற்கனவே வேறு நோய்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிற, விலை மலிந்த, பக்க விளைவு என்னவென்று தெரிந்த மருந்துகள் இருக்கின்றன. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இருப்பதை இதற்குத் திருப்ப வேண்டும்.

இது வெறும் ஆசை அல்ல. மூளைக் காய்ச்சலாக வருகிற காசநோயில் ஏற்கனவே நடைமுறையில் இருக்கிறது. வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், டெக்சாமெதசோன் என்ற பழைய ஸ்டீராய்டைச் சேர்த்துக் கொடுத்தபோது இறப்பு 41 சதவீதத்தில் இருந்து 32 சதவீதமாகக் குறைந்தது. இன்று அது வழக்கமான சிகிச்சை. நம் நாட்டிலேயே, லக்னோவில் உள்ள சஞ்சய் காந்தி மருத்துவ நிறுவனத்தில் 118 பேரிடம் ஆஸ்பிரினைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் இறந்தவர்களின் விகிதம் ஏறக்குறைய பாதியாக இருந்தது. 118 என்பது சிறிய எண்ணிக்கை, அதை வைத்து முடிவுக்கு வர முடியாது. ஆனால் நாலணா மாத்திரை ஒன்று இப்படி ஒரு அடையாளம் காட்டினால் மறுநாளே நாடு முழுக்கப் பெரிய ஆய்வு தொடங்கியிருக்க வேண்டும் இல்லையா?

நியூயார்க்கில் கார்ல் நேதன் என்பவரின் குழு 2012இல் ஆக்ஸிஃபென்பூட்டசோன் என்ற மூட்டுவலி மருந்தைப் பற்றி எழுதியது. பெருகாமல் தூங்கிக் கிடக்கிற காசநோய்க் கிருமியை அது கொல்கிறது என்று சோதனைக் குழாயில் கண்டார்கள். தூங்குகிற கிருமியைக் கொல்ல முடியாததால்தான் நாம் ஆறு மாதம் மாத்திரை தின்கிறோம் என்பதால் இது சாதாரணச் செய்தி இல்லை. ஆனால் அந்த மருந்துக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கிற கெட்ட பெயர் உண்டு, பல நாடுகளில் விற்பனையில் இருந்து எடுக்கப்பட்டது. சோதனைக் குழாயில் இருந்து நோயாளியின் வாய்க்கு வருகிற வழி நீளம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைச் சொல்லாமல் போனால் நான் குற்றவாளி ஆவேன். நம் ஊர்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. காய்ச்சல், இருமல், உடம்பு வலி என்றால் கடையில் போய் "மூணு வேளைக்குக் கொடுங்க" என்று கேட்பது. சின்னக் கவரில் நாலு நிற மாத்திரை. அதில் வலி மாத்திரை இருக்கும், பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். இரண்டு நாளில் தெளிவாக இருப்பது போலத் தோன்றும், வேலைக்குப் போய்விடுவோம். உள்ளே டி.பி. இருந்தால் அது மறைந்து வளரும். கூட்டு மருந்து இல்லாமல் அழற்சியை மட்டும் அடக்குவது, கிருமியைக் கட்டி வைத்த கயிற்றை நாமே அறுப்பது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கிற சில புதிய ஊசி மருந்துகளால் அடங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியது 2001லேயே தெரிந்துவிட்டது. மருந்துக்கு மருந்து ஒத்துப் போவதிலும் சிக்கல் உண்டு. எலிகளில் ஆஸ்பிரின், பைரசினமைடு என்ற காசநோய் மருந்துக்குத் துணை போனது. ஐசோநியாசிட் என்ற இன்னொரு மருந்தின் வேலையைக் கெடுத்தது. இரண்டும் நோயாளி ஒரே நாளில் விழுங்குகிற மருந்துகள். ஆகவே இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் ஆஸ்பிரின் போட்டுப் பார்க்காதீர்கள். முறையான ஆய்வு வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

அப்படி ஒரு முறையான ஆய்வு நம் சென்னையிலேயே நடந்தது. சேத்துப்பட்டில் இருக்கிற தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், மெட்ஃபார்மினை எடுத்துக்கொண்டது. சர்க்கரை நோய்க்கு நம்மில் பாதிப் பேர் வீட்டில் இருக்கிற மாத்திரை. அது வலி மாத்திரை அல்ல, ஆனால் அழற்சியைத் தணிக்கிற குணம் அதற்கு உண்டு. சர்க்கரை நோய் இல்லாத 322 காசநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு வழக்கமான மருந்து, இன்னொரு பகுதிக்கு முதல் இரண்டு மாதம் மெட்ஃபார்மினும் சேர்த்து. முடிவு 2022இல் வெளியானது.

கேள்வியை எப்படி வைத்தார்கள் என்று பாருங்கள். சளியில் கிருமி சீக்கிரம் மறைகிறதா? இதுதான் முதன்மைக் கேள்வி. பதில்: இல்லை. ஒரு பக்கம் 42 நாள், மறுபக்கம் 41 நாள். அந்த அளவில் ஆய்வு தோல்வி. ஆனால் உள்ளே போய்ப் படித்தால் வேறொன்று இருக்கிறது. சிகிச்சை முடிவில் எடுத்த எக்ஸ்ரேயில், வழக்கமான மருந்து மட்டும் எடுத்தவர்களில் 18 பேருக்கு நுரையீரலில் குழி இருந்தது. மெட்ஃபார்மின் சேர்த்தவர்களில் 7 பேருக்கு. ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களும் குறைந்திருந்தன.

எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. 18, 7. இது இரண்டாம் நிலைக் கணக்கு, இதை மட்டும் வைத்து மருந்தைக் கொடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த ஆய்வாளர்களைக் குறை சொல்லவும் இல்லை, அவர்கள்தான் குழியையும் எண்ணிப் பார்த்தார்கள். என் கேள்வி அதற்கு மேலே இருக்கிறது. சளி ஏன் முதல் கேள்வி? மூச்சு ஏன் இரண்டாவது?

சளி அடுத்தவருக்குப் பரவுகிறது. மூச்சு நோயாளிக்கு மட்டும் சொந்தம். பரவுதலைத் தடுப்பது அவசியம், எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே அறையில் தூங்கினோம், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நோய் ஒழிப்புத் திட்டம் முழுவதும் "இவனிடம் இருந்து நமக்கு ஆபத்து நீங்கியதா" என்ற ஒரே அளவுகோலில் நின்றால், அந்தப் பார்வை நமக்கு ஏற்கனவே பழக்கப்பட்டது. இந்தச் சமூகம் நம்மை நூற்றாண்டுகளாக அப்படித்தான் அளந்தது. அவனால் நமக்குத் தீட்டு வருமா என்று கேட்டது, அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. திட்டம் போட்டவர்கள் சாதி நினைத்துப் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பாதிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் கூலித் தொழிலாளர்களாக, தலித்துகளாக, பழங்குடிகளாக இருக்கும்போது, அவர்களுடைய மிச்ச ஆயுளின் தரம் ஒரு கேள்வியாகவே யாருக்கும் தோன்றாமல் போனது என்று சொல்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர் கால் பங்கு நுரையீரலை இழந்தாலும் சம்பளம் வரும். பொதி தூக்குகிறவருக்கு நுரையீரல்தான் முதலீடு.

வேறு விதமாகக் கேட்க முடியாதா? தென்னாப்பிரிக்காவில் கேட்டார்கள். 200 பேரிடம் நான்கு மருந்துகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் வேகத்தை அளந்தார்கள். அதில் இரண்டு மருந்துகளில் மூச்சு கூடுதலாகத் திரும்பியது. ஒன்று எவரோலிமஸ், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்குக் கொடுப்பது. விலை நம் கைக்கு எட்டாது. ஆனால் மூச்சை அளக்கலாம் என்று காட்டிவிட்டார்கள்.

சென்னை நிறுவனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1956இல் ஐசிஎம்ஆர், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சேர்ந்து தொடங்கியது. அந்தக் காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம். தாம்பரம், நம் பக்கத்தில் என்றால் ஆஸ்டின்பட்டி. படுக்கை கிடைக்காதவர் வீட்டில் கிடந்து சாக வேண்டியதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 ஏழை நோயாளிகளை எடுத்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவர்களுடைய நெருக்கடியான வீடுகளிலேயும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னைக் குடிசைவாசிகள் ஒரு முக்கியக் காரணம். அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

ஆனால் அதே ஆய்வில் இருந்து இன்னொரு பாடத்தையும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டும் குணமானார்களே, அப்படியானால் மருந்து போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்று. அந்தப் பாடத்தைத் திருத்த அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. ஜார்க்கண்டில் பெரும்பகுதி பழங்குடி மக்களிடம் நடந்த ஆய்வு 2023இல் வந்தது. நோயாளியின் குடும்பத்துக்கு உணவுப் பொருள் கொடுத்ததில், வீட்டில் மற்றவர்களுக்குப் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் ஐந்து சதவீதம் எடை கூடிய நோயாளிகளுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவு. இதற்குப் பிறகு, 2024 நவம்பரில், மத்திய அரசு ஊட்டச்சத்துக்கான மாதத் தொகையை 500 ரூபாயில் இருந்து 1000 ஆக்கியது. பருப்பு விலை தெரிந்தவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எதை அளக்கிறோமோ அதற்குத்தான் வைத்தியம் நடக்கும். தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியபோது, நோய் தெரிந்த அன்றே எடையையும் உயரத்தையும் பார், கால் வீங்கியிருக்கிறதா பார், மூச்சை எண்ணு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா கேள் என்றார்கள். முடியாதவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். செலவில்லாத கேள்விகள். ஆளைப் பார்த்துக் கேட்கிற கேள்விகள். சிகிச்சையின் முதல் நாளில் கேட்பதைக் கடைசி நாளிலும் கேட்கலாமே.

இப்போது காசு பற்றி. பழைய மருந்துகளை ஏன் யாரும் சீண்டுவதில்லை? ஆஸ்பிரினுக்குக் காப்புரிமை இல்லை. பல கோடி செலவழித்து ஆய்வு நடத்துகிற கம்பெனிக்கு அதில் லாபம் கிடையாது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு, தெரிந்த பொருளுக்குப் புதுப் பயன் கண்டதாகச் சொல்லி உரிமை கேட்க முடியாது என்கிறது. இது நமக்குப் பாதுகாப்பான பிரிவு, இதைத் தொட விடக்கூடாது. பெடாகுவிலின் கதை ஞாபகம் இருக்கும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான அந்தப் புது மாத்திரையின் உரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்டது. காசநோயில் இருந்து மீண்ட இரண்டு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேயும் எதிர்த்து மனு போட்டார்கள். சிகிச்சையின் பக்க விளைவில் இருவருமே காது கேட்கும் திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் கம்பெனியின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

உரிமை உள்ள மருந்தில் நாம் யாரை எதிர்க்க வேண்டும் என்று தெரிகிறது. உரிமை இல்லாத மருந்தில் எதிர்க்க யாரும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் யாரும் இல்லை. அது அநாதை. அதைப் பொதுப்பணம்தான் எடுத்து வளர்க்க முடியும். 2023இல் உலகம் முழுக்கக் காசநோய் வந்தவர்கள் ஒரு கோடியே எட்டு லட்சம், அதில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். இந்த ஆய்வை வேறு எந்த நாடு நமக்காகச் செய்யும்?

ஆகவே நான் கேட்பது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. மெட்ஃபார்மின், ஆஸ்பிரின் மாதிரி மருந்துகளை, மூச்சை முதல் கேள்வியாக வைத்து, பெரிய எண்ணிக்கையில் பொதுப்பணத்தில் சோதியுங்கள். சென்னை நிறுவனத்துக்கு மதுரையிலும் ஒரு கிளை இருக்கிறது, இங்கிருந்து பஸ்ஸில் போய்விடலாம். ஆய்வுக் கேள்வியை எழுதும்போது ஆலைத் தொழிலாளி ஒருவரும் தறித் தொழிலாளி ஒருவரும் அந்த மேசையில் உட்காரட்டும். நோயாளியின் தொழிலையும் சாதியையும் பதியுங்கள், யாருடைய மூச்சு திரும்பவில்லை என்று தெரியட்டும். ஊசி குத்திப் பார்க்க மட்டும் எங்கள் உடம்பு, கேள்வி கேட்க வேறு ஆள் என்பது 1956இல் சரியாக இருந்திருக்கலாம்.

அது வருகிற வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. ஆறு நிமிட நடை என்று ஒரு பரிசோதனை. ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பது, அவ்வளவுதான். சிகிச்சை முடிகிற அன்று ஒவ்வொருவருக்கும் செய்து, "குணமடைந்தார்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அந்த மீட்டரையும் எழுதலாம். கருவி வேண்டாம். ஒரு கடிகாரமும் முப்பது மீட்டர் சமதளமும் போதும். போன வாரம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டேப் எடுத்துக்கொண்டு போனேன். தாழ்வாரம் இருபத்திரண்டு மீட்டர்தான் வந்தது. வெளியே வேப்ப மரத்தில் இருந்து கேட் வரை அளந்தேன், முப்பத்தொன்று இருந்தது. அங்கே இருந்த செவிலியர் அக்கா, "எதுக்குத் தம்பி அளக்குறீங்க, ரோடு போடப் போறாங்களா?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலைல எட்டு மணிக்குள்ள வரச் சொல்லுங்க, அப்புறம் வெயில் வந்துரும்" என்றார்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே.